கூந்தன்குளத்து நாரைகள்: ஒரு நீர்வண்ணப் படம், மூன்று தாள்கள்

குளம், பனை, கருவேல மரங்கள், முன்னால் மூன்று நாரைகள். நாட்டுப்புறக் காட்சியும் பறவையும் சேர்த்து வரைபவர் எல்லோரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கும் காட்சி இது. பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. நிலம் நன்றாக வந்திருக்கும், பறவையும் தனியாகப் பார்த்தால் நன்றாக வந்திருக்கும், ஆனால் இரண்டும் ஒட்டாது. காலண்டர் படத்தின் மேல் குழந்தை ஸ்டிக்கர் ஒட்டியதுபோல நாரை தனியே நிற்கும். அது ஏன் நடக்கிறது, எந்தக் கட்டத்தில் சரிசெய்யலாம் என்பதை ஒரே படத்தின் மூன்று தாள்களை வைத்துப் பார்க்கிறது இந்த ஆய்வு. முதல் இரண்டு தாள்களும் தோற்றவை.

இடம் திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 129.33 ஹெக்டேர், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. குளத்து மரங்களோடு நிற்காமல் ஊருக்குள் வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும்கூடப் பறவைகள் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் பெருகிவிட்டால் டிசம்பர், ஜனவரியில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் இறங்கும்; குஞ்சுகள் தேறி எழுந்து போக ஜூன், ஜூலை ஆகிவிடும். வரைய வருபவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலைகள்தான் நல்லவை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டால் குளத்துத் தண்ணீர் நாள் முழுக்கச் சிலும்பிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் மர நிழல், அதாவது மரத்தின் தலைகீழ்ப் பிம்பம், விழாது. இந்தப் படத்துக்கு அந்த நிழல்தான் அடித்தளம். காரணம் பின்னால் வருகிறது.

முதல் தாள்: 2.75 மீட்டர் நாரை

அரை இம்பீரியல் தாள், 38 x 56 செ.மீ., சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள், நடுத்தரச் சொரசொரப்பு. குளத்துக் கரைமேல் நின்று நிலம் வரையப்பட்டது. கரை தண்ணீருக்கு மேல் மூன்று மீட்டர், அதன்மேல் நிற்பவர் கண் ஒன்றரை மீட்டர். ஆக, கண்மட்டம் தண்ணீரிலிருந்து 4.5 மீட்டர். நாரை மட்டும் 400 மி.மீ. லென்ஸில் எடுத்த புகைப்படத்திலிருந்து வந்தது. அழகான புகைப்படம்தான். அதைத் தாளில் 11 செ.மீ. உயரத்துக்கு வரைந்து, தொடுவானக் கோட்டுக்கு 18 செ.மீ. கீழே கால் ஊன்ற வைத்தாயிற்று.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. தரை சமமாக இருந்தால் (குளத்துத் தண்ணீரைவிடச் சமமான தரை எது?) தொடுவானக் கோடு எந்தப் பொருளையும் நம் கண்மட்ட உயரத்தில்தான் வெட்டும். நம் கண் 4.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், பறவையின் காலடியிலிருந்து தொடுவானம் வரை உள்ள தூரம் அந்த இடத்தில் 4.5 மீட்டருக்குச் சமம். முதல் தாளில் அந்தத் தூரம் 18 செ.மீ. அப்படியானால் 11 செ.மீ. நாரையின் உயரம் 2.75 மீட்டர். யானை உயரம். நிஜத்தில் மஞ்சள் மூக்கு நாரை நிமிர்ந்து நின்றால் ஒரு மீட்டர்தான். தாளில் 4 செ.மீ. வந்திருக்க வேண்டும். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் ஏதோ பொருந்தவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தீர்வு கண்மட்டத்தைக் கீழே இறக்குவது. கரையின் சரிவில் பாதி இறங்கி உட்கார்ந்தால் கண் தண்ணீரிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்கு வரும். இப்போது கணக்கு மனப்பாடமே வேண்டாம்: நிமிர்ந்து நிற்கும் நாரை எங்கே நின்றாலும் அதன் தலை, காலடிக்கும் தொடுவானத்துக்கும் சரிபாதியில் இருக்கும். அலகைத் தண்ணீரில் விட்டு மேயும் நாரையின் முதுகு 60 செ.மீ. உயரம்தான் வரும், காலடியிலிருந்து தொடுவானம் வரை உள்ள தூரத்தில் சுமார் முப்பது சதவீதம். படத்தில் எத்தனை பறவை இருந்தாலும் இந்த இரண்டு விகிதம் போதும். உருப்பெருக்கம் எவ்வளவு என்பது விகிதத்தைப் பாதிக்காது. ஆனால் நிலத்துக்கும் பறவைக்கும் ஒரே உருப்பெருக்கம் இருக்க வேண்டும். நிலத்தைக் கைப்பேசியிலும் பறவையைப் பெரிய லென்ஸிலும் எடுத்து ஒட்டுவதில்தான் கேடு தொடங்குகிறது. இரண்டையும் ஒரே 100 அல்லது 120 மி.மீ. லென்ஸில், ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுப்பது நல்லது. நாரை அப்போது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும். அதன் மேய்ச்சலும் கெடாது.

களக் குறிப்பு

புகைப்படம் அளவுக்கு உதவும், உடம்பு நிற்கும் விதத்துக்கு உதவாது. அதற்கு 8 x 42 பைனாகுலரும், உள்ளங்கைக்கு அடங்கும் நோட்டும், 2பி பென்சிலும் வேண்டும். ஒரு பறவைக்கு முப்பது நொடி. முதல் கோடு உடம்பின் சாய்வு, அடுத்தது கழுத்தின் வளைவு, மூன்றாவது கால் ஊன்றும் புள்ளி. ஒற்றைக்காலில் நின்றால் அந்தப் பாதம் உடம்பின் எடை மையத்துக்கு நேர் கீழே வர வேண்டும்; அரை விரற்கடை தள்ளிப்போனாலும் பறவை விழப்போகிறது போலிருக்கும். காலின் நடுவில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் கால் மடிப்பைத் தவறான பக்கம் வரைய முடியாது. அலகின் நீளம் மொத்த உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. பிளந்த பனங்கிழங்குபோல நீண்டு, நுனியில் மட்டும் சற்றுக் கீழே வளையும். வளைவை அடியிலிருந்தே தொடங்கினால் அரிவாள் மூக்கன் ஆகிவிடும்.

மேயும்போது இது கொக்குபோலக் காத்திருந்து குத்துவதில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுப் பக்கவாட்டில் துழாவும், காலால் சேற்றைக் கலக்கும். அதனால் மேயும் பறவையைச் சுற்றித் தண்ணீர் கலங்கி, நிழல் உடைந்திருக்கும். பளிங்குத் தண்ணீரில் மேயும் நாரையை வரைந்தால் பறவை தெரிந்தவர் சிரிப்பார்.

காலை பத்து மணிக்கு மேல் கானல் எழுந்துவிடும். பைனாகுலரில் இறகு விவரம் எல்லாம் நடுங்கும். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டிஷ் பறவை ஓவியர் சார்ல்ஸ் டன்னிகிளிஃப், வேல்ஸின் ஆங்கில்சித் தீவில் 1947 முதல் 1979இல் இறக்கும் வரை வாழ்ந்தவர், கையில் கிடைத்த இறந்த பறவைகளை உயிரளவில் அளந்து வரைந்து வைத்துக்கொண்டார். இறகு அடுக்கு புரிய அதைவிட நல்ல வழி இல்லை. நம் நாட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் உடலையோ பாகங்களையோ அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகள் உண்டு. அங்கே உட்கார்ந்து வரையலாம். பாடம் செய்த பறவையின் அலகும் காலும் நிறம் போனவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இறகு அடுக்கை அங்கே பார்த்துக்கொண்டு, நிறத்தைக் குளத்தில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தாள்: வெள்ளை எங்கும் ஒரே வெள்ளை

அளவு சரியாயிற்று. தோற்றது வெள்ளையில். நாரைகளின் மேல் முழுக்க மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் தாளைக் காக்கும் ரப்பர் திரவம்) பூசி, வானமும் தண்ணீரும் மரமும் அடித்து முடித்து, மறுநாள் மாலை உரித்தாயிற்று. மூன்று கோளாறுகள்.

ஒன்று, வெயில். முப்பத்தைந்து டிகிரி அறையில் ஒன்றரை நாள் கிடந்த அந்த ரப்பர் தாளோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உரிக்கும்போது தாளின் மேல்தோலும் வந்தது. அந்த இடத்தில் வண்ணம் வைத்தால் மை ஒற்றும் தாள்போல உறிஞ்சிப் பரப்புகிறது. நம் வெயிலில் இதைப் பூசினால் அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பூசும் பிரஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளாவிட்டால் பிரஷும் போயிற்று.

இரண்டு, விளிம்பு. மாஸ்கிங் உரித்த இடத்தில் சுற்றிலும் கத்தரியால் வெட்டிய மாதிரி ஒரே கூர்மை. நிஜத்தில் ஒரு பறவையின் விளிம்பு எங்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. வெயில் படும் முதுகு கூர்மையாகத் தெரியும். நிழல் விழுந்த வயிறு தண்ணீரின் நிறத்தோடு கலந்துபோகும்.

மூன்றாவதுதான் பெரியது. உடம்பு முழுக்க வெறும் தாள் வெள்ளை. வெள்ளைப் பறவை என்றால் வெள்ளையாக விட வேண்டும் என்று கை தானாகவே எண்ணிக்கொள்கிறது. காலை ஏழரை மணிக்கு வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் வலப்புறமிருந்து வரும். நாரையின் வலப்பக்கம் மட்டுமே தாள் வெள்ளை; இடப்பக்கமும் வயிறும் அடிவானத்தைவிட மங்கலானவை. நம்பாதவர் கைப்பேசிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். வெள்ளையைப் பூஜ்யம், கறுப்பைப் பத்து என்று வைத்தால் வெயில் பட்ட முதுகு பூஜ்யம், அடிவானம் ஒன்றரை, நாரையின் நிழல் பக்கம் மூன்று, மரத்தின் நிழல் விழுந்த தண்ணீர் ஏழு, இறக்கைக் கறுப்பு ஒன்பது. பறவை வெள்ளையாகத் தெரிவது பின்னால் இருக்கும் அந்த ஏழால்தான். வண்ணப்பெட்டியிலிருந்து வெள்ளையை எடுத்துப் பூசிக்கொண்டே போனால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் கிடைக்கும்.

மூன்றாம் தாள்: நாரையை எங்கே நிறுத்துவது

இதிலிருந்து ஏற்பாடு பிறக்கிறது. வெள்ளை உடம்புக்குப் பின்னால் கருநிழல் வேண்டும். செம்மை கலந்த கால்களுக்குப் பின்னால் வெளிச்சத் தண்ணீர் வேண்டும். இரண்டும் ஒரே பறவைக்குக் கிடைக்குமா? கிடைக்கும், அளந்து நிறுத்தினால்.

தாளின் மேல் ஓரத்திலிருந்து 14 செ.மீ. கீழே தொடுவானக் கோடு. அதற்குக் கீழே 24 செ.மீ. எதிர்க்கரையில் ஆறு மீட்டர் கருவேல மரங்கள், 150 மீட்டர் தள்ளி. கண்மட்டம் இரண்டு மீட்டர். எனவே மரத்தின் அடி தொடுவானத்துக்கு 2.4 செ.மீ. கீழே, மர உயரம் அதன் மும்மடங்கு, அதாவது 7.2 செ.மீ. தண்ணீரில் தலைகீழாக விழும் நிழல் 2.4 செ.மீ.யில் தொடங்கி 9.6 செ.மீ. வரை வரும். அதற்குக் கீழே தண்ணீர் வானத்தைக் காட்டும். முதன்மை நாரையின் காலடியைத் தொடுவானத்துக்கு 12 செ.மீ. கீழே வைத்தால் அதன் உயரம் 6 செ.மீ.; தலையும் உடம்பும் 6 முதல் 9.6 வரையிலான கருநிழலில், கால்கள் 9.6 முதல் 12 வரையிலான வெளிச்சத்தில். நாரையின் உயரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கால் என்பதால் எல்லாம் தைத்தாற்போல் பொருந்துகிறது. இரண்டாம் நாரை 9 செ.மீ.யில், 4.5 செ.மீ. உயரம். மூன்றாவது 6 செ.மீ.யில், மேயும் நிலையில், 2 செ.மீ.க்கும் குறைவு.

தாளை ஏழு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, 12 மி.மீ. பிளைவுட் பலகையில் கோந்து நாடாவால் நான்கு பக்கமும் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து நாடா பிய்த்துக்கொள்ளும்.

வண்ணங்கள் எட்டுக்கு மேல் வேண்டாம்: அல்ட்ராமரைன், கோபால்ட் ப்ளூ, ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், சாப் கிரீன், காட்மியம் மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ். கடைசி வண்ணத்துக்கு ட்யூபின் பின்னால் பிவி 19 என்ற நிறமி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். பிஆர் 83 எண் கொண்ட அலிசரின் கிரிம்சனும், பளிச்சென்ற ஓபரா ரோஸும் வெளிச்சத்தில் வெளிறுபவை. சில வருடங்களில் நாரையின் இளஞ்சிவப்பு போய்விடும்.

வானம்: பலகையைப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து, மேலே கோபால்ட், கீழே இறங்க இறங்க ரா சியன்னா. கலவையை 30 மி.லி. அளவுக்கு முன்பே கரைத்து வைக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கும் நேரத்தில் ஓரம் காய்ந்து கோடு விழும். காயும் வேகத்தைக் குறைக்க அரை லிட்டர் தண்ணீருக்கு ஏழெட்டுச் சொட்டு கிளிசரின். தாராளமாக ஊற்றினால் படம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், மழைக்காலத்தில் பூஞ்சையும் சேரும். தாள் பளபளப்பு இழந்து மங்கும் நிலையில் புதுத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் பூ மாதிரி விளிம்பு கட்டும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதே நல்ல வேலை. இடது ஓரத்தில் மங்கலான மலையை இந்த ஈரம் முழுக்கக் காய்ந்த பின், கோபால்டும் லைட் ரெட்டும் கலந்து ஒரே வீச்சில் முடிக்கலாம்.

கூடு இருக்கும் மரங்களுக்குப் பச்சையைத் தேடிப் போக வேண்டாம். பறவை எச்சம் படிந்து இலையும் கிளையும் வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடக்கும். அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் சாப் கிரீன். உச்சிக் கிளைகளில் தாளின் வெள்ளையை அங்கங்கே விட்டுவைக்க வேண்டும். எச்சம் இறங்கிய குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் மதிப்பார்கள். மரங்களை ஊட்டியிலிருந்து கொண்டுவந்ததுபோல் பளபளவென்று வரைந்தால் அவர்களுக்கே அடையாளம் தெரியாது.

பனையில் நடக்கும் தவறு தென்னையை வரைந்துவிடுவது. தென்னை மட்டை வளைந்து தொங்கும். பனையோலை விசிறிபோல விறைத்து நின்று, தலை ஏறக்குறைய உருண்டையாகத் தெரியும். ஓலை வெட்டாத பனையில் கழுத்துக்குக் கீழே காவோலை பாவாடைபோலத் தொங்கும். காய்ந்த பிரஷை நடுவிலிருந்து வெளியே விசிறி, இடையில் வானம் தெரிய நான்கைந்து ஓட்டை விட்டால் போதும். மரம் கறுத்து நேராக இருக்கும்; அடியில் மட்டும் பருக்கும்.

இப்போது கருநிழல். படத்தின் உயிர் இங்கே. மாஸ்கிங் வேண்டாம். 6 செ.மீ. பறவையைச் சுற்றி எட்டாம் எண் கூர்நுனிப் பிரஷால் நேரடியாகவே ஒதுக்கி வரையலாம். கலவை நினைப்பதைவிடக் கறுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்தால் ஒரு படி வெளிறும். முதலில் நாரைக்கு ஒரு விரல் தள்ளியிருக்கும் தண்ணீர்ப் பரப்பை ஈரமாக்கிக்கொண்டு, பிரஷை நாரையின் முதுகில் வைத்துத் தொடங்கி வெளியே இழுக்க வேண்டும். முதுகும் கழுத்தும் உலர்ந்த தாளில் கூர்மையாக வரும்; வயிற்றுப் பக்கம் ஈரம் தொட்டுக் கலந்துபோகட்டும். நம் வெயிலில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். மூன்று நாரைகளையும் ஒரே மூச்சில் சுற்றி வர முடியாது. நிழலில் இயல்பாகவே இடைவெளி விழும் இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே, நிறுத்திக்கொண்டு தொடரலாம். நிழலின் கீழ்விளிம்பை நேர்கோடாக வெட்டாமல் படுக்கைக் கீற்றுகளாக உடைத்து வெளிச்சத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும்.

பறவைக்கு வேலை மிகக் குறைவு. நிழல் பக்கம் கோபால்டும் துளி லைட் ரெட்டும், நீர்த்து. வயிற்றின் அடியில் தண்ணீரிலிருந்து எழும் வெளிச்சத்துக்காக ரா சியன்னா ஒரு தொடல். இறக்கைக் கறுப்புக்குக் கடைக் கறுப்பு வேண்டாம், செத்துவிடும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் தேன் பதத்தில். மார்பின் குறுக்கே ஓடும் செதில் பட்டை இந்த அளவில் 4 மி.மீ. அகலம்கூட வராது, நான்கைந்து உடைந்த புள்ளி போதும், செதில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் கறுப்புச் சட்டை போட்டுவிட்டதுபோல் ஆகும். இளஞ்சிவப்பு, வால் மேல் விழும் உள் இறகுகளில் மட்டும். மார்புக்கும் கழுத்துக்கும் பரவவிட்டால் பூநாரை. இளம் பறவை என்றால் இந்தச் சிவப்பும் கிடையாது, மார்புப் பட்டையும் கிடையாது, உடம்பு மங்கிய பழுப்பு. அலகுக்குக் காட்மியம் மஞ்சளோடு துளி ரோஸ், ஒன்றரை செ.மீ. நீளம். கால்களை ரிக்கர் பிரஷால் (நீண்ட மெல்லிய மயிருள்ள பிரஷ்) மேலிருந்து கீழாக, கணுவில் ஒரு கணம் நிறுத்தி இழுக்க வேண்டும். வெயில் நேரத்தில் நாரை தன் கால்மேலேயே எச்சமிட்டுக் குளிர்வித்துக்கொள்ளும். அதனால் கால் ஒரே சிவப்பாக இருக்காது, இடையிடையே வெள்ளை பூசியிருக்கும். ரிக்கரை அங்கங்கே தாளிலிருந்து தூக்கினால் அது தானே வந்துவிடும்.

தண்ணீரில் நாரையின் பிம்பம் நாரையின் நகல் அல்ல. வெள்ளை ஒரு படி மங்கும், கறுப்பு ஒரு படி வெளிறும். கீழிருந்து பார்ப்பது போன்ற காட்சி என்பதால் முதுகைவிட வயிறுதான் அதிகம் தெரியும்.

மூன்றாம் தாளில் ஒரு பிழை மிஞ்சியது. எதிர்க்கரைப் பனை ஒன்றின் நிழல் நேராக இறங்கி இரண்டாம் நாரையின் கழுத்தோடு சேர்ந்துவிட்டது; கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நாரையின் தலையில் கம்பு முளைத்ததுபோல் இருந்தது. பென்சில் கட்டத்திலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டியது. ஈரமான விறைத்த பிரஷால் தேய்த்து, டிஷ்யூ தாளால் ஒற்றி, பனையின் நிழலை 1 செ.மீ. இடப்பக்கம் நகர்த்தியாயிற்று. கரையில் நிற்கும் பனை நகரவில்லை. நிழல் தன் மரத்துக்கு நேர் கீழே விழ வேண்டும் என்பது தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள்.